ஏதேனும் ஓர் உறுப்பு என்க

சத்தம் வந்தபோது முனீஸ்வரி நான்காவது கணக்கில் இருந்தாள். அறுபது பேர் உள்ள வகுப்பில் முப்பத்தைந்து பேர் டீ குடிப்பவர்கள், இருபத்தெட்டு பேர் காபி குடிப்பவர்கள், பன்னிரண்டு பேர் இரண்டும் குடிப்பவர்கள், அப்படியானால் இரண்டையும் தொடாதவர்கள் எத்தனை பேர் என்று ஹெப்சிபா மேடம் போர்டில் எழுதிப்போட்டுவிட்டு, கையில் ஒட்டிய சாக்பீஸ் பொடியைத் தட்டிக்கொண்டிருந்தார். முதலில் ஜன்னல் கண்ணாடிதான் அதிர்ந்தது. பிறகு பெஞ்சு, பெஞ்சின் மேல் ஊன்றியிருந்த முழங்கை, முழங்கையிலிருந்து பல்வரைக்கும் ஏதோ ஒன்று ஓடிப்போனது. அதற்கப்புறம்தான் காதுக்கு வந்து சேர்ந்தது, பெரிய அண்டாவை மெத்தைக்கு அடியில் போட்டு உருட்டினாற்போல ஒரு சத்தம். மொட்டைமாடிப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பி ஜன்னலைக் கடந்து போயின. மேடம் திரும்பிப் பார்த்து, "பக்கத்துல கல் குவாரி இருக்கா?" என்று கேட்டார். அவருக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். இந்தக் கல்லூரிக்கு வந்து ஒரு செமஸ்டர்கூட ஆகவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து கற்குவேல் மட்டும், "பயர் ஆபீஸ் மேடம்" என்றான், தூறல் விழுகிறது என்று சொல்கிற மாதிரி. இந்தப் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, பயர் ஆபீஸ்தான். "டெஸ்டிங்கா இருக்கும் மேடம்" என்று இன்னொரு பையன் சொன்னான். ஓ என்று மேடம் தலையாட்டிவிட்டு, "சரி, வென்படம் போடுங்க, போட்டுட்டு ஆன்ஸர் சொல்லுங்க" என்றார். எல்லாரும் குனிந்தார்கள். ஆனால் குனிந்த தலைகளில் ஒன்றுகூட வென்படம் போடவில்லை என்று முனீஸ்வரிக்குத் தெரியும். டெஸ்டிங் என்றால் ஒன்று போட்டு, கொஞ்சம் விட்டு, இன்னொன்று போடுவார்கள். வகுப்பு முழுவதும் அந்த இரண்டாவது சத்தத்துக்காகக் காத்திருந்தது. வா, வந்துரு, இப்ப வந்துரு என்று அவளும் கூப்பிட்டாள். அது வரவில்லை. ரொம்ப தூரத்தில் சோளப்பொரி பொரிகிற மாதிரி ஒன்று கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. ஃபேன் சத்தமாகவும் இருக்கலாம். ஃபேன்தான். அவள் இரண்டு வட்டம் போட்டாள்.

இரண்டு வட்டம், சுற்றிலும் ஒரு சட்டம். சட்டம் அறுபது. ஒரு வட்டம் டீ, ஒரு வட்டம் காபி, நடுவில் வாழைப்பூ மடல் மாதிரி வெட்டிக்கொள்கிற இடத்தில் பன்னிரண்டு. முப்பத்தைந்தும் இருபத்தெட்டும் கூட்டினால் அறுபத்து மூன்று, அதில் பன்னிரண்டு பேரை இரண்டு தடவை எண்ணிவிட்டோம், அதனால் பன்னிரண்டைக் கழி, ஐம்பத்தொன்று. அறுபதில் ஐம்பத்தொன்று போனால் ஒன்பது. ஒன்பது பேர் எதையும் குடிப்பதில்லை, சும்மா சட்டத்துக்குள்ளே வட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். ஒன்பது என்று எழுதிவிட்டு அந்த ஒன்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அம்மா எந்த வட்டம். தெருமுக்கில் தினமும் இரண்டு வேன் வரும். வெள்ளை வேன் மேற்கே பழைய பயர் ஆபீசுக்கு, நீல வேன் கிழக்கே கண்மாயைத் தாண்டிப் புதிதாகக் கட்டின ஆபீசுக்கு. அம்மா பல வருஷமாக வெள்ளை வேன்தான். இந்த வருஷம் தீபாவளி ஆர்டர் குவிந்துவிட்டது, கிழக்கே ஆள் பத்தவில்லை என்று ஏஜெண்ட் நாலைந்து வாரமாகக் கூட்டத்தைப் பிரித்து ஏற்றுகிறான். போன வாரம் இரண்டு நாள் அம்மா கிழக்கே போனாள். நேற்று மேற்கே. இன்றைக்கு? கல்லூரி பஸ் முதலில் வந்துவிடும், வேன் வருவதை அவள் பார்ப்பதே இல்லை. கிளம்பும்போது அம்மா வாசல் படியில் உட்கார்ந்து கொண்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள், வாயில் ஊக்கு. இன்னைக்கு எங்கம்மா என்று அவள் கேட்டாளா? கேட்ட மாதிரி இருக்கிறது. வாயில் ஊக்கோடு அம்மா ஏதோ சொன்னாள். எந்த வேன்ல எடங் கெடைக்குதோ அதுல என்று சொன்னாள். அது இன்றைக்குச் சொன்னதா, நேற்றா? ஊக்கு இருந்தது இன்றைக்குத்தான். நேற்று அம்மா தலைக்குக் குளித்திருந்தாள், துண்டு கட்டியிருந்தாள். ஆனால் முந்தாநாளும் ஊக்கு இருந்ததே. எல்லா நாளும் அம்மா வாயில் ஊக்கு இருக்கிறது, எல்லா நாளும் ஒரே படி, ஒரே கொண்டை, அதில் இன்றைக்கு என்கிற நாளை மட்டும் எப்படிப் பிரித்து எடுப்பது. சத்தத்துக்குத் திசை கிடையாது. வகுப்பு ஜன்னல் இரண்டும் தெற்கே பார்த்தவை. தெற்கே பைபாஸ், பைபாஸுக்கு அந்தப் பக்கம் வேலிக்கருவை, அதற்கு மேலே வெறும் வெள்ளை வானம். கிழக்கே புகை எழும்பினாலும் தெரியாது, மேற்கே எழும்பினாலும் தெரியாது.

பக்கத்தில் தங்கமாரி எழுதிக்கொண்டிருந்தாள். பேனாவை அழுத்தி அழுத்தி எழுதினாள், ஏற்கெனவே போட்ட வட்டத்தின் மேலேயே திரும்பத் திரும்ப. அவள் வீடு முனீஸ்வரி வீட்டுக்கு எதிர் வரிசையில். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. "ஏபுள்ள" என்றாள் தலை நிமிராமல். "ம்." "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான போயிருப்பாக." "ஒண்ணாத்தான்." "ஒண்ணாப் போனா ஒண்ணும் இருக்காது." அதில் என்ன கணக்கு என்று முனீஸ்வரி கேட்கவில்லை. தங்கமாரியின் அம்மா செல்வத்தாயும் முனீஸ்வரியின் அம்மாவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே ரூமில் எதிரெதிரே உட்கார்ந்து சரவெடி பின்னுகிறவர்கள், ஒரே தூக்குச்சட்டியில் குழம்பு. முனீஸ்வரியின் அப்பா கேரளாவுக்கு ஓட்டல் வேலைக்குப் போய், சேர்ந்தாற்போல ரெண்டு மாசம் வராமல் இருந்தபோது, செல்வத்தாய் சித்திதான் ராத்திரி அவர்கள் வீட்டில் வந்து படுத்துக்கொண்டாள், ஊருக்குக் கேட்கிற மாதிரி சிரித்துக்கொண்டு. பொட்டப் பிள்ளைக்கு இஞ்சினீர் படிப்பா என்று முனீஸ்வரியின் மாமா கேட்டபோது, ரெண்டு பிள்ளையும் ஒரே பஸ்ல போயி ஒரே பஸ்ல வரும், உமக்கு என்ன நோகுது என்று நடுத்தெருவில் கேட்டவளும் அவள்தான். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் சித்தியின் காது மடலில் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி மினுங்கும். ஞாயிற்றுக்கிழமைகூட மினுங்கும். போன வாரம் முனீஸ்வரியும் தங்கமாரியும் சித்தி வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து இந்தப் பயிற்சிக் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது சித்தி தோசைக் கரண்டியோடு எட்டிப்பார்த்து, "இது என்னடி முட்டை முட்டையாப் போட்டுருக்கீக" என்றாள். கணம் சித்தி, ஒரு மாதிரி இருக்கிறதை எல்லாம் ஒண்ணாச் சேர்க்கிறது, சேர்ந்ததுல பொதுவானத எடுக்கிறது, மிச்சத்த வெளிய தள்ளுறது என்று முனீஸ்வரி சொன்னாள். சித்தி யோசித்துவிட்டு, "இதத்தான எங்க போர்மேன் தெனமும் பண்றான், அவனுக்கு யாரு டிகிரி குடுத்தா" என்று சொல்லிச் சிரித்தாள். ரூமுக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். ஆர்டர் நெருக்கினால் ஏழு, எட்டு. சோதனைக்கு அரசாங்க ஆபீசர் ஜீப் வந்தால் போர்மேன் கை தட்டுவான், மிச்சம் பேர் வேப்பமரத்தடிக்கு ஓடிப்போய் ஓய்வாக இருப்பதுபோல் உட்கார்ந்துகொள்ள வேண்டும். அம்மா அதை வீட்டில் நடித்துக்காட்டுவாள், முந்தானையால் விசிறிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. எத்தனை தடவை சிரித்திருக்கிறார்கள். எட்டுப் பேரில் எந்த நாலு பேர் மரத்தடிக்கு ஓடுவார்கள், எந்த நாலு பேர் உள்ளே இருப்பார்கள்? வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஓடுவார்கள். அம்மா எங்கே உட்காருவாள். வெளிச்சம் வேணும் என்பாள் அம்மா. வெளிச்சம் வேணும் என்றால் வாசல் பக்கம்தான். இல்லை, முதுகில் வெயில் அடிக்கிறது என்றும் ஒரு நாள் சொன்னாளே.

"அஞ்சாவது" என்றார் மேடம். "ஒன்று, இரண்டு, அடைப்புக்குறிக்குள்ள மூன்று. இது ஏ. மூன்று ஏ-ல இருக்கா, சரியா தவறா?" எல்லாரும் சரி என்றார்கள், பேச்சுக்கு. மேடம் சிரித்தார். "பாத்தீங்களா, எல்லாரும் இதுல விழுவீங்க. தவறு. ஏ-ங்கிறது ஒரு பை. பைக்குள்ள ஒன்று இருக்கு, இரண்டு இருக்கு, அப்புறம் இன்னொரு சின்னப் பை இருக்கு. மூன்று அந்தச் சின்னப் பைக்குள்ள இருக்கு. அதனால மூன்று ஏ-ல இல்ல. சின்னப் பைதான் ஏ-ல இருக்கு." முனீஸ்வரி தமிழ் மீடியத்தில் படித்தவள். செட் என்றால் அவளுக்குக் கணம், சப்செட் என்றால் உட்கணம், எலிமெண்ட் என்றால் உறுப்பு. எல்லாவற்றையும் மனசுக்குள் ஒரு தடவை திருப்பிப் போட்டால்தான் இறங்கும். உறுப்பு என்கிற வார்த்தையை இப்போது மனசு திருப்பிப் போட்டது. போட்டதும் அது கணக்கை விட்டுவிட்டு வேறு பக்கம் போனது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வடக்கே ஒரு பயர் ஆபீசில் வெடித்தபோது சாமான்களைத் துணியில் கட்டிக் கொண்டுவந்தார்கள் என்று சொன்னார்கள். சாமான்கள் என்றுதான் சொன்னார்கள். வேண்டாம். ஐந்தாவது கணக்கு. பயர் ஆபீசில் எப்போதும் இப்படித்தான், ஆபீஸ் முழுக்கப் போவதில்லை, ஒரு ரூம் போகும். மருந்து கலக்கிற ரூம், இல்லையென்றால் அதை ஒட்டின ரூம். அதனால் அந்த ஆபீஸில் இருந்தாள் என்பது வேறு, அந்த ரூமில் இருந்தாள் என்பது வேறு. பைக்குள் பை. அம்மா கிழக்கே போயிருந்தாலும் அந்தச் சின்னப் பையில் இருக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது. சரவெடி பின்னுகிறவர்கள் மருந்து ரூமுக்குத் தள்ளித்தான். பழைய ஆபீசில் அப்படி. புது ஆபீசில் எப்படியோ. அப்போதுதான் பைபாஸில் சைரன் வந்தது. வந்த வேகத்தில் போனது. பின்னாலேயே இன்னொன்று. கேன்டீன் கட்டடத்துக்குப் பின்னால் ரோடு இரண்டாகப் பிரியும், ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. அவள் காதைத் தீட்டிக்கொண்டு அந்தச் சத்தத்தின் பின்னாலேயே ஓடினாள். கேன்டீன்வரை கேட்டது. அதற்கப்புறம் எந்தப் பக்கம் திரும்பியது என்று பிடிபடவில்லை. ஃபேனை நிறுத்தினால் கேட்கும். ஃபேனை நிறுத்துங்களேன் யாராவது.

"மேடம்" என்று கற்குவேல் எழுந்து நின்றான். "போன எடுத்துக்கிடலாமா?" கல்லூரியில் காலையிலேயே போனை அணைத்து, துறைத்தலைவர் அறையில் ஒரு மரப்பெட்டியில் போட்டுவிட வேண்டும். "கிளாஸ் டைம்ல போனா? எச்.ஓ.டி. என்னைத்தான் கேப்பாரு" என்றார் மேடம். "ஒரே ஒரு கால் மேடம்." "இன்னும் கொஞ்ச நேரந்தான், பிரேக்ல எடுத்துக்கோ." கற்குவேல் உட்காரவில்லை. நின்றபடியே இருந்தான். மேடம் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்து, போர்டுக்குத் திரும்பிக்கொண்டார். "ஆறாவது. இது நிரூபணம். கவனமா எழுதுங்க. ஏ சேர்ப்பு பி-யின் நிரப்பு, ஏ நிரப்பு வெட்டு பி நிரப்புக்குச் சமம். எப்படி ஆரம்பிக்கணும்? எக்ஸ் என்பது இடது பக்கத்துல ஏதேனும் ஓர் உறுப்பு என்க. ஏதேனும் ஓர் உறுப்பு. யாருன்னு சொல்லக் கூடாது. யாராயிருந்தாலும் பொருந்தணும்." எக்ஸ் என்பது ஏதேனும் ஓர் உறுப்பு என்க என்று முனீஸ்வரி எழுதினாள். எக்ஸ் சேர்ப்பில் இல்லை. சேர்ப்பில் இல்லை என்றால் ஏ-யிலும் இல்லை, பி-யிலும் இல்லை. வெள்ளை வேனிலும் ஏறவில்லை, நீல வேனிலும் ஏறவில்லை. அம்மா வேலைக்கே போகவில்லை. காய்ச்சல், முதுகுவலி, மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். நிரூபிக்கப்பட்டது. அம்மா காய்ச்சலோடும் போவாள். சரி, ஏதாவது ஒன்றில் ஏறினாள். வெள்ளை வேனில் ஏறினாள். ஏறியிருக்க வேண்டும் என்று வைத்துக்கொள். வைத்துக்கொண்டால் சித்தியும் வெள்ளை வேன், அவர்கள் ஒன்றாகத்தான் போவார்கள், இரண்டு பேரும் மேற்கே பத்திரமாக இருக்கிறார்கள். வெடித்தது மேற்கே என்றால்? அப்போது இரண்டு பேரும் நீல வேன். வேன் நிறைந்துவிட்டது என்றால்? ஒரு இடம்தான் இருக்கிறது என்றால்? இந்த இடத்தில் மனசு நின்றது. நின்றது என்பதைவிட, வழியில் ஏதோ ஒன்றை மிதித்துவிட்டு நின்ற மாதிரி. கிழக்கேதான் வெடித்தது என்று வைத்துக்கொள். நீல வேனில் ஒரே ஒரு இடம். இரண்டு பேரும் வாசலில் நிற்கிறார்கள். யாராவது ஒருத்தி ஏற வேண்டும். ஏதேனும் ஓர் உறுப்பு. யாரென்று சொல்லக் கூடாது. அவள் சொல்லவில்லை. ஆனால் அம்மாவின் கையை வேன் கம்பியிலிருந்து எடுத்துவிட்டாள். மெதுவாக, ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள். அம்மா ரோட்டில் இறங்கி நின்றாள். வேன் கதவு மூடியது. உள்ளே யாரோ சத்தமாகச் சிரிப்பது கேட்டது. முனீஸ்வரி பேனாவைக் கீழே வைத்தாள். பக்கத்தில் தங்கமாரியின் முழங்கை அவள் முழங்கையோடு ஒட்டி வியர்த்திருந்தது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். தங்கமாரி திரும்பிப் பார்த்து, "என்ன?" என்றாள். "புழுங்குது." "ஆமா, புழுங்குது" என்றாள் தங்கமாரி. எடுத்ததை மறுபடி வைத்துவிடலாம் என்று முனீஸ்வரி நினைத்தாள். இரண்டு பேரையும் மறுபடி ரோட்டில் நிற்க வைத்தாள், இரண்டு பேரையும் வெள்ளை வேனில் ஏற்றினாள். வெள்ளை வேன் நகரவே மாட்டேன் என்றது. நினைத்தால் நடந்துவிடுமா, நடந்தது ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும், காலையிலேயே முடிந்திருக்கும், இவள் இங்கே உட்கார்ந்து என்ன நினைத்தாலும் வேன் எப்போதோ போய்விட்டது. அது ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததே பயமாகவும் இருந்தது.

மூன்றாவது சைரன் வந்தபோது மேடம் பாதி வரியில் எழுதுவதை நிறுத்தினார். திரும்பி வகுப்பைப் பார்த்தார். ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, "உங்க வீட்ல எத்தன பேரு அங்க வேல பாக்குறாங்க?" என்று கேட்டார். ஒரு கை உயர்ந்தது, இன்னொன்று, பிறகு எண்ணிக்கொண்டிருக்க முடியாதபடி உயர்ந்தது. கற்குவேல் கை உயர்த்தவில்லை, அவன்தான் ஏற்கெனவே நிற்கிறானே. மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். "என்ட்ட ஏன் சொல்லல" என்றார், யாரிடம் என்றில்லாமல். சாக்பீஸை மேசையில் வைத்தார், அது உருண்டு விழுந்தது. அவர் வெளியே போனார், போனவர் ஓடுவது வராந்தாவில் கேட்டது. திரும்பி வரும்போது பெட்டியை அவரே இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார், கல்யாண வீட்டில் அரிசிக் கூடையைத் தூக்குகிற மாதிரி. யாரும் முண்டியடிக்கவில்லை. வரிசையாகப் போய் அவரவர் போனை எடுத்தார்கள். அணைத்திருந்த போன்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்று ராகம் போட்டன. முதலில் யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் எப்படிக் கிடைக்கும். "கெழக்க" என்று யாரோ சொன்னார்கள். "கெழக்கயா?" "கெழக்கதான், புது ஆபீஸ், எங்க சித்தப்பா அனுப்பிருக்காரு." கிழக்கே என்கிற வார்த்தை பெஞ்சு பெஞ்சாகத் தாண்டி வந்தது. மேற்கே ஆள் போகிற வீட்டுப் பிள்ளைகள் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டார்கள். முனீஸ்வரி அம்மாவுக்குப் போட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும், பொறி பறக்கும் என்று உள்ளே விடமாட்டார்கள். அதனால் எடுக்காததில் ஒரு அர்த்தமும் இல்லை. எடுக்காதது எதையும் நிரூபிக்காது. பக்கத்தில் தங்கமாரியும் காதில் வைத்துக்கொண்டிருந்தாள், உதடு அசையாமல். "அடிக்குது" என்றாள். "எனக்கும் அடிக்குது." "ரெண்டும் ஒரே மேசை மேலதான் கெடக்கும்" என்றாள் தங்கமாரி.

அப்போது முனீஸ்வரியின் கையில் போன் அதிர்ந்தது. தெரியாத எண். ஜன்னல் ஓரமாக நகர்ந்து காதில் அழுத்தினாள். "முனீசு, நாந்தேன்." அம்மாவின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எங்க இருக்க?" "பழைய ஆபீஸ்லதேன். மேக்க. எனக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன். வாட்ச்மேன் போன்லருந்து பேசுறேன். தங்கமாரி பக்கத்துல இருக்காளா?" "ம்." "அப்ப நீ பேசாத. கேட்டுக்க மட்டும் செய்யி." அம்மா மூச்சை இழுத்துவிட்டது கேட்டது. "காலைல நீல வேன்ல ஒரு எடந்தேன் இருந்துச்சு. நாந்தேன் ஏறப்போனேன். ஒனக்கு நேத்தே முதுகு வலி, அங்க தரையில ஒக்கார வப்பாங்க, நீ வெள்ளையில போன்னு சொல்லி என்னைய எறக்கிவிட்டுட்டு செல்வத்தாய் ஏறுனா." முனீஸ்வரி ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பியில் துரு, துருவில் ஒரு எறும்பு. "அந்த ரூமே இல்லையாம் முனீசு. போர்மேன் பாத்துட்டு வந்து சொல்லிட்டான். இருந்தவுக ஒருத்தரும் இல்ல. நீ சொல்லிப்புடாத. அவ தாய்மாமன் காலேஜுக்குக் கெளம்பிட்டாரு, வந்து கூட்டிட்டுப் போவாரு. அவரு வர்ற வரைக்கும் அவள விட்டு நகந்துராத. கேக்குதா? முகத்துல காட்டிப்புடாத." "ம்." "வச்சிர்றேன்" என்றாள் அம்மா. வைக்கவில்லை. காற்று மட்டும் கேட்டது. அப்புறம் லைன் போனது. போன பிறகும் அவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். எடுத்தால் திரும்ப வேண்டும். திரும்பினால் முகம் இருக்கும்.

"யாரு, அம்மாவா?" தங்கமாரி பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். முனீஸ்வரி தலையாட்டினாள். "எங்க இருக்காக?" "மேக்க. பழைய ஆபீஸ்ல." அவ்வளவுதான் சொன்னாள். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தங்கமாரி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள், மூடின கைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது, அவள் அம்மாவின் சிரிப்பு, ஆனால் மெல்லிசாக. "அப்ப எங்கம்மாவும் அங்கதான. ஒண்ணாத்தான போவாக. நாந்தான் சொன்னேன்ல." முனீஸ்வரி "ம்" என்றாள். அந்த ஒரு எழுத்து வாயிலிருந்து போனதும் அதைத் திரும்பப் பிடிக்க முடியாது என்று தெரிந்தது. தங்கமாரி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். "பயத்துல வயிறு ஒட்டிப்போச்சு. முறுக்கு வச்சிருக்கியா?" தன் பையையே துழாவி, அதில் இருந்த கடலைமிட்டாயை இரண்டாக உடைத்துப் பெரிய துண்டை முனீஸ்வரிக்குக் கொடுத்தாள். வகுப்பில் ஒரு மூலையில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள், அவளைச் சுற்றி நாலைந்து பேர். கற்குவேல் இல்லை, எப்போதோ போய்விட்டிருந்தான். "பாவம்ல" என்றாள் தங்கமாரி அந்தப் பக்கம் பார்த்து. குரலைத் தணித்துக்கொண்டாள், நமக்கு வராமல் போன ஒன்றைப் பற்றிப் பேசுகிற குரல். முனீஸ்வரி கடலைமிட்டாயை வாயில் போட்டு மென்றாள். மண்ணை மெல்வதுபோல் இருந்தது. முழுங்கினாள். அந்தப் பெண்ணைப் பார்க்கிற சாக்கில் எங்கேயாவது பார்த்துக்கொண்டிருக்கலாம், ஆனால் எவ்வளவு நேரம். தங்கமாரியின் தாய்மாமனிடம் பழைய டி.வி.எஸ். வண்டி. ஊரிலிருந்து கல்லூரிக்கு அரைமணி. கிளம்பிவிட்டார் என்றால் எப்போது கிளம்பினார்? பெட்ரோல் போட நிற்பாரா? அழுதுகொண்டே ஓட்டினால் மெதுவாக வருவாரா, வேகமாக வருவாரா? வரட்டும் என்று நினைத்தாள். உடனே, வர வேண்டாம் என்று நினைத்தாள். ரோட்டில் ரயில்வே கேட் இருக்கிறது. கேட் மூடியிருக்கட்டும். ஒரு கூட்ஸ் வண்டி, நீளமான கூட்ஸ் வண்டி.

"கிளாஸ் கட்டுதான் இனிமே, மேடம் வரமாட்டாக" என்றாள் தங்கமாரி. "பஸ்ஸும் இப்ப எடுக்க மாட்டாக. அந்த எட்டாவது கணக்கு எனக்குப் புரியவே இல்ல, சொல்லிக் குடு. நாளைக்கு டெஸ்ட் வச்சாலும் வைப்பாக." நாளைக்கு என்று சொன்னாள். முனீஸ்வரி தாளை எடுத்தாள். நான்கு உறுப்புகள் உள்ள கணத்தின் உட்கணங்கள் அனைத்தையும் எழுதுக. தங்கமாரியை வாசலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்துவிட்டு, இவள் முன் பெஞ்சில் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். "இதுல அவசரப்படக் கூடாது" என்றாள். தன் குரல் சாதாரணமாக இருப்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "அவசரப்பட்டா ஏதாவது விட்டுப்போகும். மொதல்ல ஒண்ணுமே இல்லாதது. அதுவும் ஒரு உட்கணந்தான்." "அது எப்படி?" "அது அப்படித்தான். எல்லாக் கணத்துலயும் அது இருக்கும்." "சரி." "அப்புறம் ஒவ்வொண்ணாத் தனித்தனியா." ஏ என்று எழுதி அடைப்புக்குறி போட்டாள். பி என்று எழுதி அடைப்புக்குறி போட்டாள். எழுத்தை மணிமணியாக, பத்தாம் வகுப்புப் பரீட்சையில் எழுதியதுபோல் எழுதினாள். கமாவுக்கு ஒரு வால் வைத்தாள். "ஏன்டி இம்புட்டு மெதுவா எழுதுற" என்றாள் தங்கமாரி. "அப்பத்தான் மண்டையில ஏறும்." "இப்ப ரெண்டு ரெண்டாவா?" "ரெண்டு ரெண்டா. ஏ-யும் பி-யும். நீ சொல்லு, அடுத்து என்ன?" "ஏ-யும் சி-யும்." "எழுது." தங்கமாரி எழுதினாள், நாக்கை உதட்டோரம் மடித்துக்கொண்டு. அவள் காதோர முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. ஏ-யும் டி-யும். பி-யும் சி-யும். இவள் எழுதி முடிக்கும்வரை என்று முனீஸ்வரி நினைத்தாள். அதற்கு மேல் அந்த நினைப்பைப் போகவிடவில்லை. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. ஹெப்சிபா மேடத்தின் செருப்பு, கூடவே இன்னொரு செருப்பு, ரப்பர், ஒரு காலை இழுத்து இழுத்து. "மூணு மூணா எத்தன வரும்?" என்றாள் தங்கமாரி. "நீயே போட்டுப் பாரு." "ஏ பி சி. ஏ பி டி." வாசலில் மேடம் வந்து நின்றார். அழுதிருந்தார். அவர் தோளுக்குப் பின்னால் தங்கமாரியின் தாய்மாமன், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கூப்பிடத் தெரியாமல் நின்றார். மேடம் வாயைத் திறந்தார். முனீஸ்வரி தாளிலிருந்து கையை எடுக்காமல் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இன்னும் முடியல மேடம்" என்றாள்.